முகவாய் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை: முதல் ஆலோசனையிலிருந்து ஆறாம் மாதம் வரை

கன்னத்திலும் தாடைக் கோணத்திலும் மூக்கிலும் இம்ப்ளான்ட், அதாவது தோலுக்கு அடியில் பதிக்கும் செயற்கைத் துண்டு, வைக்கிறார்கள். ஆனால் முகத்தின் பக்கத் தோற்றத்தை மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் அதிகம் விசாரிப்பது முகவாயைப் பற்றித்தான். உதட்டுக்குக் கீழே எலும்பு உள்வாங்கியிருந்தால் கழுத்தும் முகமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது போலத் தெரியும். மூக்கும் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சிலிகோன் துண்டு இந்தத் தோற்றத்தை மாற்றிவிடும். அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்பு எடுக்கும் முடிவும் பின்பு காக்கும் பொறுமையும்தான் பெரிய வேலை. இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பல் கடியைப் பாருங்கள்

முகவாய் சிறியதாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கீழ்த்தாடை சரியான இடத்தில் இருந்து, அதன் முன்முனை மட்டும் குட்டையாக இருக்கலாம். அல்லது கீழ்த்தாடை முழுவதுமே பின்னால் தள்ளி அமைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சை மட்டும் முற்றிலும் வேறு.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். கடைவாய்ப் பற்கள் இயல்பாகப் பொருந்தும்படி வாயை மூடி, உதடுகளை விலக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. அதைவிட நிறைய இடைவெளி இருந்தாலோ, உதடுகளை மூடுவதற்கே முகவாயை இறுக்க வேண்டியிருந்தாலோ, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவர் பல் சீரமைப்பு மருத்துவர். தாடையே பின்னால் இருக்கும்போது அதன் நுனியில் ஒரு இம்ப்ளான்ட்டை வைத்தால், பக்கத் தோற்றம் ஓரளவு மாறும், மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் கடி மாறாது. பல ஆண்டுகள் கழித்துத் தாடையை நகர்த்தும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அந்த இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டே தொடங்க வேண்டியிருக்கும்.

சிறிய கீழ்த்தாடை உள்ளவர்களிடம் இன்னொன்றையும் நான் வலியுறுத்திக் கேட்பேன்: இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா? பின்தள்ளிய தாடை நாக்கையும் பின்னால் தள்ளி மூச்சுவழியைக் குறுக்கக்கூடும். எலும்பின் முன்பக்கம் ஒட்டி அமரும் இம்ப்ளான்ட் மூச்சுவழியை ஒரு மயிரிழைகூட விரிக்காது. அப்படி இருந்தால் தூக்கப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். அழகு அதற்குப் பிறகு.

மாற்று வழிகள்

ஹயலூரானிக் அமில ஃபில்லர் ஊசி சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்கு மேல் வரை நிற்கும். முகவாய் சற்று முன்னால் வந்தால் தனக்குப் பிடிக்குமா என்று தெரியாதவர்களுக்கு அது நல்ல முன்னோட்டம். வேண்டாம் என்றால் கரைத்துவிடவும் மருந்து இருக்கிறது. ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகும் அபாயம் அரிதாக உண்டு என்பதால் அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வழி, ஜீனியோபிளாஸ்டி. முகவாய் எலும்பையே கிடைமட்டமாக அறுத்து முன்னால் நகர்த்தி, டைட்டேனியம் தகடும் திருகுகளும் வைத்துப் பொருத்துவார்கள். இம்ப்ளான்ட் பெரும்பாலும் முன்பக்க நீட்சியை மட்டுமே தரும். முகவாய் மிக நீளமாகவோ மிகக் குட்டையாகவோ ஒரு பக்கம் கோணலாகவோ இருந்தால் எலும்பை நகர்த்துவதே பொருத்தம். வெளிப்பொருள் என்று பார்த்தால் அந்தத் தகடும் திருகுகளும் மட்டும்தான். அதே நேரம் அது பெரிய அறுவை சிகிச்சை, வீக்கமும் அதிகம். "எனக்கு ஏன் இம்ப்ளான்ட், ஏன் ஜீனியோபிளாஸ்டி இல்லை?" என்று கேளுங்கள். இதற்கு உங்கள் எக்ஸ்ரேயைக் காட்டிப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

யாரிடம் போவது

இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கு முறையான பயிற்சி பெற்றவர்கள் முக்கியமாக இரு வகையினர். எம்.எஸ். முடித்தபின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவர்கள்; பல் மருத்துவம் படித்து, வாய், முகம், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். பெற்றவர்கள். பெயர்ப்பலகையில் 'காஸ்மெடிக் நிபுணர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தப் பட்டத்தையும் குறிக்கவில்லை. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மருத்துவக் கவுன்சில் அல்லது பல் மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்ப்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

விபத்தில் தாடை சிதைந்தவர்களும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களும் தனியார் மருத்துவமனை ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. அரசு பல் மருத்துவக் கல்லூரியில் தாடை அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. அழகுக்காக மட்டும் செய்துகொள்வதை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவற்றைத்தான் ஏற்கும். ஜிஎஸ்டியிலும் இதுபோன்ற பாகுபாடு இருப்பதால், சொல்லப்படும் கட்டணத்தில் வரி, மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், இம்ப்ளான்ட்டின் விலை எல்லாம் அடங்கியிருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஆலோசனை அறையில்

கைபேசியில் எடுத்த செல்ஃபியைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். ஓர் அடி தூரத்தில் எடுக்கும் படம் மூக்கைப் பெரிதாக்கி முகத்தின் மற்ற பகுதிகளைச் சுருக்கிவிடும். ஐந்தாறு அடி தூரத்தில் நின்று வேறொருவர் எடுத்த, கண் மட்டத்திலான பக்கவாட்டுப் படம்தான் உண்மைக்கு நெருக்கமானது. மருத்துவமனையிலும் அப்படித்தான் எடுப்பார்கள்.

மருத்துவர் அந்தப் படத்தில் மூக்கின் வேரிலிருந்து நேர்செங்குத்தாக ஒரு கோட்டை இழுத்து, முகவாய் அதிலிருந்து எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று அளப்பார். பெண்களுக்கு முகவாய் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே பெரும்பாலும் நன்றாகத் தெரியும். ஆண்களுக்குக் கோட்டை ஒட்டி வரலாம். இம்ப்ளான்ட்களின் முன்நீட்சி பெரும்பாலும் 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை. முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்பது பெரிய வித்தியாசம். "இன்னும் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்" என்று கேட்கும் ஆசை பலருக்கும் வரும். அளவு கூடக்கூட இடம் பெயரும் வாய்ப்பும் அடியில் உள்ள எலும்பு தேயும் வாய்ப்பும் கூடுகின்றன. சந்தேகம் வந்தால் சிறியதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பொருளைப் பொறுத்தவரை, அதிகம் பயன்படுவது கெட்டியான சிலிகோன். மார்பக இம்ப்ளான்ட்டில் இருப்பதைப் போன்ற கூழ் இல்லை இது. வெடிக்கவோ கசியவோ எதுவுமில்லை. உடல் இதைச் சுற்றி ஒரு மெல்லிய நார்த்திசு உறையைக் கட்டிக்கொள்ளும். பின்னாளில் எடுக்க வேண்டியிருந்தால் அந்த உறையைத் திறந்து எளிதில் உருவிவிடலாம். நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் இன்னொரு வகை. திசு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்வதால் நகராது. எடுக்க நேர்ந்தால் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும். முகம் இரு பக்கமும் சமமாக இல்லாதவர்களுக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்து அவரவர் எலும்புக்கென்றே வடிவமைக்கும் இம்ப்ளான்ட்டும் கிடைக்கிறது. விலை பல மடங்கு.

ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: நாளில் எத்தனை முறை இந்த முகவாயைப் பற்றி நினைக்கிறீர்கள்? வெளியே போவதைத் தவிர்க்கும் அளவுக்கு, வேலையில் மனம் செல்லாத அளவுக்கு அந்த எண்ணம் துரத்தினால், மற்றவர்கள் கண்ணுக்குப் படாத குறை உங்களுக்கு மட்டும் பூதாகரமாகத் தெரிந்தால், அது மனநல மருத்துவர் உதவக்கூடிய ஒரு நிலை. அந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் நிறைவு கிடைப்பதில்லை. கவலை முகத்தின் வேறொரு பகுதிக்கு மாறிவிடும். பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்று அவசரப்படுத்தும் குடும்பங்களும் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளைகளை இதற்குக் கூட்டிக்கொண்டு வரவே கூடாது. முக எலும்புகள் வளர்ந்து முடிந்திருக்காது.

முன்னேற்பாடு: ஒரு மாதம்

புகையை குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகையிலையின் நிக்கோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, காயம் ஆறுவதைக் கெடுக்கிறது. நம் ஊரில் இதைவிட முக்கியமானது வெற்றிலை பாக்கு, ஹான்ஸ், குட்கா. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு, வாய்வழியாக வைக்கும் இம்ப்ளான்ட்டின் தையல் வருவது கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள்.

சொத்தைப் பல், ஈறு வீக்கம் எதுவாக இருந்தாலும் முதலில் சரிசெய்துவிடுங்கள். வாயில் கிருமிகள் பெருகியிருக்கும்போது பக்கத்திலேயே ஒரு வெளிப்பொருளை வைப்பது தொற்றை வரவேற்பதாகும். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். உட்கொள்ளும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக் கொடுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது.

அறுவை சிகிச்சை நாள்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குத் திட உணவு கிடையாது. தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. மயக்க மருந்து நிபுணர் சொல்வதே இறுதி. முழு மயக்கத்திலும் செய்யலாம், முகவாயை மட்டும் மரத்துப்போகச் செய்து உறக்க மருந்து கொடுத்தும் செய்யலாம்.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே மருத்துவர் முகத்தின் நடுக்கோட்டை மையால் குறித்துக்கொள்வார். படுத்தால் தோல் சரிந்து நடு மாறிவிடும் என்பதால்தான் இது. பிறகு இரண்டு வழிகளில் ஒன்று. முகவாய்க்கு அடியில், வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாத மடிப்பில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறல். அல்லது கீழுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில். முதலாவதில் மெல்லிய தழும்பு இருக்கும், காயம் வாயின் கிருமிகளுக்கு எட்டாது, இம்ப்ளான்ட்டை எலும்பின் கீழ்விளிம்பில் துல்லியமாக அமர்த்தலாம். இரண்டாவதில் வெளியே தழும்பே இல்லை. ஆனால் இம்ப்ளான்ட் மேல்நோக்கி ஏறி உட்கார்ந்துவிடும் வாய்ப்பு கூடுதல். தழும்புக்கு அஞ்சிப் பலரும் வாய்வழியைக் கேட்கிறார்கள். என் கருத்தில் அடிவழியே பெரும்பாலானோருக்கு நல்லது.

எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை விலக்கி, இம்ப்ளான்ட் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பை போன்ற இடத்தை உருவாக்குவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒரு நரம்பு. கடைவாய்ப் பற்களுக்கு முன்னே இருக்கும் சிறு கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, எலும்பில் ஒரு துளை வழியாக அது வெளியே வந்து கீழுதட்டுக்கும் முகவாய்த் தோலுக்கும் உணர்ச்சியைத் தருகிறது. இம்ப்ளான்ட்டின் இரு சிறகுகளும் அந்தத் துளைக்குக் கீழே செல்ல வேண்டும். கிருமிநாசினிக் கரைசலில் நனைத்த இம்ப்ளான்ட்டை ஒவ்வொரு சிறகாக மடித்து நுழைத்து, நடுக்கோட்டோடு பொருத்தி, தையலாலோ சிறு திருகாலோ நிலைநிறுத்துவார்கள். முகவாயை உயர்த்தும் தசையை மறுபடி சரியாகத் தைப்பது மிக முக்கியம். அதில் பிசகினால் முகவாய்ச் சதை பின்னாளில் கீழே தொங்கும். மேலே பிளாஸ்திரிப் பட்டை ஒட்டி அனுப்புவார்கள். அன்று மாலையே வீடு திரும்பலாம், அல்லது ஓர் இரவு தங்க நேரலாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

முதல் வாரம்

வலியைவிட இறுக்கம்தான் அதிகம் தெரியும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். அந்த நாள்களில் கண்ணாடியில் தெரியும் முகவாய் நீங்கள் கேட்டதைவிட மிகப் பெரியது. "ஐயோ, இதையா கேட்டேன்" என்ற திகில் பெரும்பாலானோருக்கு இந்தச் சமயத்தில்தான் வருகிறது. வீக்கம் இரு பக்கமும் ஒரே சீராக வடியாததால் கோணல் போலவும் தெரியும். ரத்தக்கட்டு கழுத்துவரை இறங்கி மஞ்சளாகி, பத்து, பதினான்கு நாளில் மறையும்.

இரண்டு தலையணை வைத்து, தலையை உயர்த்தி, மல்லாந்து உறங்குங்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வையுங்கள். தோல் மரத்திருப்பதால் குளிர் சுடுவது தெரியாது; நேரடியாக வைக்காதீர்கள்.

சாப்பாடு நமக்கு எளிது. ஆறிய கஞ்சி, குழைய மசித்த ரசம் சாதம், தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, இளநீர். காரமும் சூடும் வேண்டாம். முறுக்கு, சீடை, எலும்புக்கறி எல்லாம் சில வாரங்கள் காத்திருக்கட்டும். வாய்க்குள் தையல் இருந்தால் ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் மருத்துவர் கொடுத்த மருந்துநீரால் கொப்பளிக்க வேண்டும். உறிஞ்சு குழல் வேண்டாம். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் உள்ளவர்களும் கொஞ்ச நாள் டம்ளரில் வாய் வைத்தே குடிக்க வேண்டியிருக்கும். அப்போதும் மரத்த உதட்டின் ஓரம் வழியாகத் தண்ணீர் வழியும், உங்களுக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கை உதட்டுக்குக் கீழே ஒட்டியிருப்பதும் தெரியாது. கையில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.

இந்த மரத்துப்போதல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். நரம்பு மீளும்போது ஊறலும் சுரீரென்ற மின்னலும் இருக்கும். சிலருக்கு மட்டும் ஓரிடத்தில் உணர்ச்சிக் குறைவு நிலைத்துவிடலாம். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்கே போக வேண்டாம். ஆண்கள் உணர்ச்சி திரும்பும்வரை பிளேடால் சவரம் செய்யாமல் டிரிம்மரைப் பயன்படுத்துங்கள். வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள் உண்டு. முதல் நாளிலேயே ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக உப்பிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் அழைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, அவசரப் பிரிவுக்குப் போங்கள். வடிய வேண்டிய வீக்கம் நான்கைந்து நாளுக்குப் பிறகு திரும்பக் கூடினால், காய்ச்சல் வந்தால், வாயில் கெட்ட சுவையோ சீழோ தென்பட்டால், அது தொற்று. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத தொற்றில் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, சில மாதம் கழித்தே மறுபடி வைப்பார்கள். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பது நாள்களை வீணாக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து

வெளித்தையலை ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரிப்பார்கள். வாய்க்குள் போட்டது தானே கரையும். மேசை வேலை பார்ப்பவர்கள் ஏழிலிருந்து பத்து நாளில் அலுவலகம் போகிறார்கள். பேச்சிலும் சிரிப்பிலும் விறைப்பு இருக்கும். கீழுதடு முழுவதும் இறங்காததால் கீழ்ப் பற்கள் தெரியாமல் சிரிப்பீர்கள். தசை இளகச் சில வாரங்கள் ஆகும்.

இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹெல்மெட்டின் பட்டை சரியாக முகவாய்க்கு அடியில், தையல் இருக்கும் இடத்தில் வந்து அழுத்துகிறது. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது அது முகவாயை உரசி இழுக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்பது இதற்குத் தீர்வாகாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டியையே தொடாமல் பஸ்ஸில் போங்கள்.

நடைப்பயிற்சியை முதல் நாளிலிருந்தே மெதுவாகத் தொடங்கலாம். பளு தூக்குவதும் ஓடுவதும் மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு. கபடி, கிரிக்கெட், குத்துச்சண்டை போல முகத்தில் அடிபடக்கூடியவை இன்னும் தாமதமாக, மருத்துவரைக் கேட்டுத்தான்.

ஆறு வாரத்தில் பெருமளவு வீக்கம் வடிந்துவிடும். இறுதி வடிவம் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில், சிலருக்கு ஓராண்டில் தெரியும். ஆறாம் மாதப் பக்கவாட்டுப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்க்கும்வரை 'சரியில்லை, மாற்றுங்கள்' என்று முடிவெடுக்காதீர்கள். இம்ப்ளான்ட் இடம் பெயர்வதும் அதன் விளிம்பு கையில் தட்டுப்படுவதும் வேறு. அவற்றை உடனே காட்ட வேண்டும்.

கன்ன இம்ப்ளான்ட்டை மேலுதட்டுக்கு உள்ளிருந்தோ கீழ் இமை வழியாகவோ வைப்பார்கள். மரத்துப்போவது கன்னமும் மேலுதடும். தாடைக் கோண இம்ப்ளான்ட் மெல்லும் தசைக்கு அடியில் அமர்வதால் வாய் திறப்பது சில வாரம் சிரமமாக இருக்கும். வீக்கமும் முகவாயைவிட அதிகம். மற்றபடி மேலே சொன்னவை எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

ஆண்டுகள் கழித்து

பிரச்சினை இல்லாத இம்ப்ளான்ட்டை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி இல்லை. அதன் அடியில் எலும்பு சிறிதளவு தேய்வது எக்ஸ்ரேயில் தெரியலாம். பெரும்பாலும் ஓரளவோடு நின்றுவிடும். இம்ப்ளான்ட் மேலேறிப் பல் வேர்களுக்கு அருகே அழுத்தினால்தான் சிக்கல். பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லுங்கள். கீழ் முன்பல்லில் சீழ் கட்டினால் அது இம்ப்ளான்ட்டுக்கும் பரவக்கூடும் என்பதால், பல்வலியைத் தள்ளிப்போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இம்ப்ளான்ட் வந்த பெட்டியில் நிறுவனம், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுவில்லை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சைக் குறிப்போடு பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், உள்ளே இருப்பது என்ன பொருள், திருகு உண்டா என்பது அவருக்கு அந்தத் தாளில்தான் தெரியும். எடுத்துவிட முடிவுசெய்தாலும் அது தேவைப்படும். பெரிய இம்ப்ளான்ட்டை நெடுநாள் வைத்திருந்து எடுத்தால் விரிந்த தோலும் தசையும் தளர்ந்து முகவாய் சுருங்கித் தொங்கக்கூடும். அதனால் எடுக்கும்போதே சிறியதைப் பதிலாக வைப்பதா, எலும்பை முன்னால் நகர்த்துவதா என்று முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.